நாலாவது பட்டை

பதினாலாங் கட்டைத் தோட்டத்திலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் செம்மண் சடக்கில் மழைக்காலம் முழுக்கச் சேறு. நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் சேறே தேவலை என்றாகிவிடும். மரம் ஏற்றும் லாரிகள் உழுத தடமெல்லாம் இறுகி, தகரக் கூரையைப் பிரித்து நெடுகப் படுக்கப் போட்டது போல வரிவரியாகக் கிடக்கும். கட்டை என்றால் மைல். எண்ணிக்கை கோத்தா திங்கிக் கடைவீதியில் தொடங்கும். ஊரை நோக்கிப் போகப் போகக் கட்டை குறையும், குலுக்கல் கூடும். ஆறாங் கட்டைக்கும் அஞ்சாங் கட்டைக்கும் நடுவில் சடக்கு ஆற்றை ஒட்டிப் போகிறது. வருஷா வருஷம் வெள்ளம் ஏறி இறங்கி அந்த ஒரு மைலைக் குதறிப் போட்டுவிடும்.

முப்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பர் மாதம் அந்த ஒரு மைலில்தான் செல்லம் செத்துப் போனாள்.

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு உதிரம் பட்டுவிட்டது. தோட்டத்து லாரி ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தது. டிரெஸர் சதாசிவத்திடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மருந்து கொடுக்க, ஊசி போட மூன்று தோட்டங்களுக்கும் அவர் ஒருவர்தான். சீமைக்குத் திரும்பிய சின்னத் தொரையிடம் வாங்கிய வண்டி. முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் உண்டு, ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் உண்டு. பின்னால் வெறும் இரும்புக் கேரியர். அதன்மேல் கோணியை மடித்துப் போட்டுச் செல்லத்தை உட்கார வைத்து, சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டிரெஸர் கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் சடலத்தோடு திரும்பி வந்தார். செல்லத்தின் புருஷன் குழி மூடிய கையோடு செடெனாக் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

செல்லத்தின் தங்கை வெள்ளையம்மா. அவள் புருஷன் காளியப்பன், தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் பிட்டர். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, செல்லம் செத்த மறு வருஷம் வெள்ளையம்மாவுக்கு வயிறு வாய்த்தது. ஏழு மாதம் ஆகியிருந்தபோது டிரெஸர் ஒரு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"காளியப்பா, பின்னால என்னமோ பாரமா இழுக்குது. என்னான்னு பாரு."

காளியப்பன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். சங்கிலியைத் தளர்த்திப் பார்த்தான். பிரேக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

"ஒண்ணும் இல்லீங்களே, அய்யா. எங்க இழுக்குது?"

"ஊருக்குப் போறப்ப. ஆறாங்கட்டைகிட்ட."

"அங்க சடக்கே அப்படித்தானுங்களே."

டிரெஸர் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

காளியப்பனுக்கு அப்போது வேறொரு எண்ணம். வெள்ளையம்மாவுக்கு ஏதாவது ஆனால் இந்த வண்டிதான். "அய்யா, இந்தக் கேரியர அறுத்துட்டு ஒரு வில்லு வச்ச சீட்டுப் பண்ணித் தரட்டுங்களா? சக்கரம் குதிச்சா குதிக்கட்டும். உக்காந்திருக்கிற ஆளு குதிக்கக் கூடாது. ரெண்டு வாரம் போதும்" என்றான்.

"பண்ணு" என்றார் டிரெஸர், கேட்டு முடிக்கும் முன்பே.

பால் கொண்டுவந்து ஊற்றும் ஸ்டோருக்குப் பின்னால் பழைய கார் ஒன்று லாலாங் புல் மூடிக் கிடந்தது. அதன் பின் அச்சிலிருந்து வில்பட்டைகளைக் கழற்றினான். கார் பட்டை தடிமன். மெல்லியதாகப் பார்த்துப் பொறுக்கி, உலையில் காய்ச்சி நீளம் குறைத்து, வளைவு கொடுத்து, எண்ணெயில் தோய்த்தான். பக்கத்துக்கு மூன்று பட்டை. சீட்டின் முன்பக்கம் கீல், பின்பக்கம் பட்டைகளின் நுனியில் தொங்கும். மரத்தில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பால் மூட்டை ஒன்றைக் கட்டி லயத்து வீடுகளின் சந்தில் ஓட்டிப் பார்த்தபோது மூட்டை மெத்தென்று அமுங்கியது. அமுங்கிய வேகத்தில் எம்பி அவன் முதுகில் மோதியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அமுங்குகிற அடியைவிட இந்த எதிர் உதைதான் ஆகாது என்று அவனுக்குப் பட்டது. இஞ்சின் பெல்ட்டிலிருந்து தோல் வார் அறுத்துச் சீட்டுக்கும் சட்டத்துக்கும் கட்டினான். பட்டைகளை இன்னும் இறுக்கி, ஒன்றோடொன்று உரசி மெதுவாக மேலே வரும்படி செய்தான். அடியில் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை நாலாக மடித்து வைத்தான்.

எடைக்குத் தகுந்த வில் வேண்டும். ஸ்டோர்த் தராசில் வெள்ளையம்மாவை நிற்கச் சொன்னான்.

"என்னா, என்னையும் ஷீட்டுக் கட்டோட ஏத்தி அனுப்பப் போறீங்களா?"

"ஆடாம நில்லு புள்ள. நூத்திப் பதினெட்டு ராத்தல்."

சீட்டின் ஓரத்தில் ஒரு கம்பியும் சட்டத்தில் ஒரு தகடும் வைத்தான். ஆள் இல்லாதபோது கம்பி நிற்கும் இடத்தில் ஒரு கோடு. வெள்ளையம்மா உட்கார்ந்தால் கம்பி இறங்கி நிற்கும் இடத்தில் ஒரு கோடு. எதிலும் அளவு பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் பகலில் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் வந்துகொண்டே இருந்தன. பால் எடுக்கிறவர்கள் எல்லாம் ஸ்டோருக்குப் போய்விட்ட நேரம். ஆள் சத்தம் இல்லை. ஆறாங் கட்டைப் பாலத்தைத் தாண்டியதும் வண்டி பின்னால் அமர்ந்தது. யாரோ ஓடிவந்து ஏறினால் குலுங்கும். இது குலுங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பார்த்து உட்கார்வது போல் மெல்ல அமர்ந்தது.

காளியப்பன் வண்டியை நிறுத்தி இறங்கினான். கம்பி கீழே இறங்கியிருந்தது. இரண்டாவது கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. பட்டை சிக்கிக்கொண்டதோ என்று சீட்டைப் பிடித்துத் தூக்கினான். பாரம் தெரிந்தது. கையை எடுத்தான்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூற்றலில் சீட்டுத் தோல் புள்ளி புள்ளியாகக் கறுத்து, பிறகு முழுக்க நனைந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் நனையவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். மழை வலுத்து அவன் முதுகு வழியே ஓடியது. வட்டம் காய்ந்தே இருந்தது.

அவன் ஓடவில்லை. சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, கம்பி நின்ற இடத்தில் தகட்டில் ஒரு கீறல் போட்டான். மறுபடி ஏறி, நடை வேகத்தில் ஓட்டினான். அஞ்சாங் கட்டைக் கல்லைத் தாண்டியதும் பட்டை கிறீச்சிட்டுச் சீட்டு மேலே வந்தது. திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

கொட்டகைக்கு வந்து, ஒட்டுப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டையில் போட்டுச் சீட்டில் வைத்தான். கம்பி கீறலுக்கு வந்ததும் மூட்டையை எடுத்துத் தராசில் போட்டான். பிறகு டிரெஸர் வீட்டுக்கு நடந்தான். டிரெஸர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அய்யா, செல்லம் மதினி எடை என்னாங்க?"

டிரெஸர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. "நூத்தி நாலு ராத்தல். போறதுக்கு முந்தின வாரம் நாந்தான் நிறுத்தேன். ஏன்?"

"இப்பவும் நூத்தி நாலுதாங்க."

டிரெஸர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கும் ஏறிச்சா?"

"ஏறிச்சுங்க. அஞ்சாங்கட்டையில எறங்கிருச்சு."

"எறங்கும். அங்கதான் எறங்கும்." துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "பாலத்தத் தாண்டினதும் 'அய்யா, கொஞ்சம் மெள்ளப் போங்க'ன்னா. நான் மெள்ளப் போகல, காளியப்பா. ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, மெள்ளப் போனா ஆகாதுன்னு வெரட்டினேன். தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அப்புறம் அவ பேசல. நாந்தான் 'இந்தா வந்துருச்சும்மா, இந்தா வந்துருச்சு'ன்னு சொல்லிக்கிட்டே போனேன். அஞ்சாங்கட்டையில தலை என் தோள்ல சாஞ்சுது. திரும்பிப் பாத்தேன். அதுக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போயி என்னா செய்ய? அங்கனயே திருப்பிட்டேன்."

காளியப்பன் இதை வீட்டில் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்தவன் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடியே இருந்தான். வெள்ளையம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வில்லு சரியா வரலியா?"

"வந்துருச்சு."

"அப்ப என்னா முழிக்கிறீங்க? சொல்லுங்க. நான்தான அதுல உக்காரப் போறவ."

சொன்னான். காய்ந்த வட்டத்தையும் சொன்னான். வெள்ளையம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தான்.

"அக்கா ஏறினா, நானும் உக்காந்திருந்தா, மூணு பட்டை தாங்குமா?"

"தாங்காது. ரெண்டு பேர் பாரத்துக்கு அடியில போயித் தட்டும். இரும்பும் இரும்பும் மோதும். அந்தச் சடக்குல அது ஆகாது."

"அப்ப அக்காவுக்கும் சேத்துப் போடுங்க."

"நாலு பட்டை போட்டா ஒத்தை ஆளுக்கு முரடு, வெள்ள. பழைய கேரியருக்கும் அதுக்கும் வித்தியாசமே இருக்காது. பதினாலாங்கட்டையிலேர்ந்து ஆறாங்கட்டை வரைக்கும் எட்டு மைலு உன்னைத் தூக்கிப் போடும்."

"எட்டு மைலு பல்லக் கடிச்சிக்கிறேன். அந்த ஒரு மைலுலதான எங்கக்கா போச்சு."

இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள் காளியப்பன் நாலாவது பட்டையைச் சேர்த்து முடுக்கினான். சீட்டின்மேல் இலவம்பஞ்சு அடைத்த தலையணை ஒன்றைத் தைத்துப் போட்டாள் வெள்ளையம்மா.

டிசம்பர் பிறந்ததும் ஆறு கரை ஏறிற்று. ஆறாங் கட்டைப் பாலத்தின் பலகைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. லாரி போக்குவரத்து நின்றது. பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் நடந்து போக இரண்டு பலகை போட்டிருந்தார்கள். அந்த வாரத்தில் ஒரு காலை வெள்ளையம்மாவுக்கு நோவு எடுத்தது. லயத்து மருத்துவச்சி தனலெட்சுமி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "புள்ள குறுக்கால கிடக்கு. என் கையில ஆகாது" என்றாள்.

டிரெஸர் வந்தார், பார்த்தார், ஊசி ஒன்று போட்டார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறவில்லை. கைப்பிடியைக் காளியப்பன் பக்கம் திருப்பினார்.

"என்னால முடியாது, காளியப்பா. இன்னொரு பொம்பளையப் பின்னால வச்சு அந்தச் சடக்குல என்னால போவ முடியாது. நீ ஓட்டு. உனக்குத்தான் அந்த வில்லு தெரியும்."

வெள்ளையம்மாவை உட்கார வைத்துச் சேலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு காளியப்பன் கிளம்பினான். மழை விட்டிருந்தது. அவன் சொன்னபடியே இருந்தது சவாரி. நாலு பட்டையும் மரக்கட்டை போல் நின்றன. எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஒவ்வொரு வரியும் அவள் முதுகெலும்பில் ஏறி அவன் முதுகு வழியாக இறங்கியது. பத்தாங் கட்டை வரை அவள் பேசவில்லை. எட்டாங் கட்டையில் தொடையருகே ஈரம் பட்டது, பார்த்தான், ரத்தம்.

"ஏங்க... கொஞ்சம் மெள்ளப் போங்க."

அன்றைக்குச் செல்லம் சொன்ன அதே சொல். மனம் வேகமாகப் போ போ என்றது. டிரெஸரின் மனமும் அன்றைக்கு இதைத்தான் சொல்லியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறைத்தான்.

பாலத்துக்கு வந்தபோது உச்சிப் பொழுது. ஆறு சத்தமில்லாமல் செம்பழுப்பாக நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளத்திலிருந்த ரப்பர் மரங்களின் இடுப்பு வரை தண்ணீர். ஒரு காக்காய் குருவி கிடையாது. பலகையருகே கம்பத்துக் கிழவர் பாக் சமாட் குந்தியிருந்தார். வெள்ளையம்மாவின் நிலையைப் பார்த்ததும் எழுந்து வந்தார். காளியப்பன் சேலைக்கட்டை அவிழ்த்து அவளைக் கைத்தாங்கலாக அக்கரை சேர்த்து ஒரு மரத்தில் சாய்த்து நிற்க வைத்துவிட்டுத் திரும்பினான். அவன் கைப்பிடியைப் பிடிக்க, கிழவர் பின்னாலிருந்து தள்ள, வெறும் வண்டி பலகைமேல் ஊர்ந்தது. பாதி தூரத்தில் பலகை முனகி வளைந்தது.

"அலமாக், பெராட்!" என்றார் கிழவர். பாரமாக இருக்கிறதாம். தள்ளிக்கொண்டே சீட்டைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். அக்கரை வந்ததும் வண்டியை விட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் பலகை வழியே திரும்பி நடந்தார்.

வெள்ளையம்மா மரத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டாளா?"

காளியப்பன் கம்பியைப் பார்த்தான். "ஏறிட்டாங்க."

அவள் ஒரு கணம் தயங்கினாள். உட்காரவேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, "அக்கா, கொஞ்சம் ஒதுங்கி உக்காரு" என்று சொல்லிவிட்டு ஏறினாள். பட்டைகள் உரசிக்கொண்டு, இரண்டாவது கோட்டையும் தாண்டி, கம்பி கீழே வந்து நின்றது.

வண்டி நகர்ந்தது. சடக்கிலேயே மிக மோசமான மைல் அது. குழியிலிருந்து குழிக்குத்தான் பாதை. முன் சக்கரம் விழுந்து எழுந்தது. காளியப்பன் தன் சீட்டில் துள்ளினான். பின்னால் மட்டும், நிறை குடத்தைத் தலையில் வைத்து நடப்பவள் போல, நாலு பட்டையும் மெல்ல இறங்கி மெல்ல ஏறின. வெள்ளையம்மாவின் முனகல் நின்றது. அவள் நெற்றி அவன் முதுகில் அமைதியாகப் பதிந்திருந்தது. அவள் இரண்டு கையும் அவன் வயிற்றைச் சுற்றிக் கோத்திருந்தன. அப்படியானால் தன் இடது தோளைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கை குளிர்ந்திருந்தது, முரடாக இல்லை.

"வலி கொறையுதுங்க" என்றாள் வெள்ளையம்மா. "அக்கா வயித்தப் புடிச்சிருக்கா."

முன்னால் அஞ்சாங் கட்டைக் கல் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் இன்னும் அஞ்சு மைல். சீட்டு மேலே வந்துவிட்டால் மறுபடி மரக்கட்டைதான். இந்த ரத்தத்தோடு அவள் அதைத் தாங்கமாட்டாள்.

"வெள்ள, கல்லு வருது."

அவளுக்குப் புரிந்தது. முதுகில் பதிந்திருந்த நெற்றி விலகியது. அவள் பின்பக்கம் திரும்பிப் பேசும் குரல் கேட்டது.

"அக்கா, எறங்காத. டிரெஸர் அய்யா இங்கனதான் திருப்பினாரு, தெரியும். இன்னைக்கு யாரும் திருப்பல. இவரு நேரா ஓட்டுவாரு. நீயும் வா. ஆஸ்பத்திரி வரைக்கும் வா, அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

கல் பக்கத்தில் வந்தது, கடந்தது. பட்டை கிறீச்சிடும் என்று காளியப்பன் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். கிறீச்சிடவில்லை. தோளில் இருந்த கை மட்டும் இறுகியது, தெரியாத ஊருக்குள் நுழைகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்வது போல.

அஞ்சு மைலும் அப்படியே போனார்கள். கடைவீதியில் சனங்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரி ஆட்கள் ஓடிவந்து வெள்ளையம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காளியப்பன் வராந்தாவில் சுவரோடு நின்றான். நாலு மணி சுமாருக்கு ஒரு நர்ஸம்மா வந்து, பிள்ளையைத் திருப்பி எடுத்துவிட்டார்கள், பெண் குழந்தை, தாய்க்கு ரத்தம் நின்றுவிட்டது என்று சொன்னாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, மூத்திரச் சந்தில் போய் அழுதுவிட்டு வண்டியிடம் வந்தான்.

வண்டி பூவரச மரத்தடியில் அவன் விட்ட இடத்தில் நின்றது. சீட்டு இன்னும் அமுங்கித்தான் இருந்தது. நாலு பட்டைக்கும் ஓர் ஆள் பாரம். ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

காளியப்பன் செருப்பில்லாத காலோடு கொஞ்சம் தள்ளி நின்று, சீட்டைப் பாராமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"மதினி, ஆஸ்பத்திரி வந்துருச்சு. உங்க தங்கச்சி உள்ள இருக்குது, பொம்பளப் புள்ள. எறங்குங்க."

பிறகு பட்டைகள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு சீட்டு மேலே வந்தது. பூவரச மரத்தடிச் சருகுகள் வாசல் பக்கமாகக் கொஞ்சம் அசைந்தன. காற்றாகவும் இருக்கலாம்.

வெள்ளையம்மா பத்து நாள் அங்கேதான் இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால், துணிமணி கொண்டுவர மறுநாள் காலையில் தனியாகத் திரும்பினான். அஞ்சாங் கட்டையிலும் ஆறாங் கட்டையிலும் நின்று நின்று பார்த்தான். வெறும் சடக்கு, வெறும் ஆறு. வெற்றுச் சீட்டு ஒவ்வொரு குழிக்கும் தோல் வாரை இழுத்துக்கொண்டு கடகடவென்று ஆடியது.

டிரெஸர் தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். நேற்றைய சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்டதும் கண்ணை மூடித் திறந்தார். சீட்டைப் பார்த்துக்கொண்டே மற்றதைக் கேட்டார்.

"ஏறிச்சா?"

"ஏறிச்சுங்க."

"அஞ்சாங்கட்டையில?"

"எறங்கலீங்க. ஆஸ்பத்திரி வாசல்லதான் எறங்கிச்சு."

டிரெஸர் சீட்டின்மேல் கையை வைத்தார். எடுத்துவிட்டார்.

"எறங்குறப்ப ஏதாச்சும் சொன்னாளா?"

காளியப்பன் யோசித்தான். பொய் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இல்லீங்க, அய்யா. பட்டை கிறீச்சுன்னுச்சு. அவ்வளவுதான்."

"சரி" என்றார் டிரெஸர். "சரி. போய்ச் சேந்தாளே." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே, சடக்கோரத்தில், ஈர மண்ணில் உட்கார்ந்தார். பால் வாளியோடு ஸ்டோருக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். காளியப்பன் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். டிரெஸருக்குச் சமமாக அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.